கிளட்ச் மிதிக்கும் கால்

அத்தியாயம் 11

ஆறு நாட்களாக சந்தோஷ்குமார் ஒரே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏழு."

மோகனப்ரியா பேனாவை அட்டையின் மேல் வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். "காலையில ஏழு, மத்தியானம் ஏழு, ராத்திரி ஏழு. ஒரு தடவைகூட ஆறரைன்னு வராதாப்பா?"

"இருக்கறதத்தானே சொல்லோணும் அம்மிணி. எழுது."

எழுதினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் அது. வலியே இல்லை என்றால் பூஜ்யம். பொறுக்கவே முடியாவிட்டால் பத்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை குறிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். சந்தோஷ் போட்டான்.

இதுவரை நடந்தது இதுதான். ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால், பஸ் டிரைவர் டூட்டி முடிந்து வரும்போது மழையில் பைக் சறுக்கி, சந்தோஷின் இடது பாதம் வண்டிக்கு அடியில் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு அடங்கவில்லை. போர்வை உரசினாலே கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி எரியும். மாத்திரை தூங்க வைத்ததே தவிர நடக்க வைக்கவில்லை. கடைசியில் பெயின் கிளினிக் டாக்டர் மேதா அவன் முதுகுத்தண்டை ஒட்டி நூல் போன்ற ஒரு ஒயரைச் செலுத்தி, வெளி நுனியை இடுப்பில் ஒட்டிய சின்னப் பெட்டியோடு இணைத்து அனுப்பினார். பெட்டியிலிருந்து போகும் மெல்லிய மின்சாரம், காலின் வலி மூளைக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே அதை அமுக்கும். பாதம் எரிகிற இடத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு மட்டும் இருக்கும்.

ஏழு நாள் பரீட்சை. வலி பாதியாவது குறைந்தால் பெட்டியை நிரந்தரமாகத் தோலுக்கடியில் பொருத்துவார்கள். குறையாவிட்டால் ஒயரை உருவி எடுத்துவிட்டு, மறுபடி மாத்திரைதான்.

நாளைக் காலை பத்து மணிக்கு முடிவு.

ஜோதிமணி சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. விடியற்காலையில் எழுந்தபோது ஒன்றைப் பார்த்திருந்தாள். சந்தோஷ் இரண்டு பாதங்களையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றேகால் வருடமாக அந்த இடது கால் போர்வைக்கு வெளியேதான் கிடக்கும்.

கேட்கலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது.

மைசூர் சரஸ்வதிபுரத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் அவளுக்குச் சமையல் வேலை. இந்த வாரம் லீவு. ஆனால் இன்று பெரிய சமையல்காரி மல்லம்மா படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். எண்பது பேருக்கு மத்தியானச் சோறு. வார்டன் கெஞ்சினாள்.

"மூணு மணிக்கெல்லாம் வந்துர்றனுங்க" என்றாள் ஜோதிமணி, புடவையை இழுத்துச் செருகியபடி. "சாப்பாடு டேபிள் மேலேயே இருக்குது. குனியாதீங்க. திரும்பிப் பாக்காதீங்க. கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க. டாக்டரம்மா சொன்னது நெனப்பு இருக்குதல்ல?"

"இருக்குது புள்ள. போய்ட்டு வா."

மோகனப்ரியா ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டிருந்தாள். பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ. இன்று கெமிஸ்ட்ரி பிராக்டிகல். "அப்பா, ஹோகி பர்த்தினி" என்று, போய்வருவதை வழக்கம்போல கன்னடத்தில் சொல்லிவிட்டு ஓடினாள்.

வீடு காலியானது.

*

உண்மையான எண் இரண்டு.

முதல் நாள் சாயங்காலமே சந்தோஷுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் டெக்னீஷியன் ரிமோட்டை அழுத்த அழுத்த, நெருப்பின் மேல் யாரோ ஈரச்சாக்கைப் போட்டு மூடியது போல இருந்தது. அந்த நிமிடம் அவனுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் எண்ணைக் கேட்டபோது ஏழு என்றான்.

காரணம் ரவிக்குமார். ஒரே டிப்போ, அவனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த டிரைவர். அன்று மத்தியானம் பார்க்க வந்தவன் கட்டில் ஓரம் உட்கார்ந்து உண்மையான அக்கறையோடுதான் சொன்னான்.

"நோடு மாராயா, உடம்புக்குள்ள மிஷின் வெச்சுட்டா அப்பறம் ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டாங்க. ஆபீஸ்ல உக்காந்து டூட்டி சீட்டு எழுதோணும். யோசிச்சுக்கோ."

சந்தோஷ் டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தான். கரண்ட் ஓடும்போது வண்டி ஓட்டக் கூடாது, பஸ் வேலையைப் பற்றி மெடிக்கல் போர்டுதான் சொல்ல வேண்டும் என்றார் அவர். 'ஓட்டக் கூடாது' என்பது மட்டும்தான் அவன் காதில் தங்கியது.

பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறான். மைசூரிலிருந்து கொள்ளேகால், அங்கிருந்து மாதேஸ்வரன் மலை, மலையைத் தாண்டி கோபிநத்தம். மலையில் ஒவ்வொரு வளைவிலும் எந்த கியர், எந்த இடத்தில் யானை நிற்கும், எந்த ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு ஏறுவார்கள் எல்லாம் மனப்பாடம். எழுத்து வேலைக்கு அவன் லாயக்கில்லை. அது அவனுக்கே தெரியும்.

ஆகவே ஒரு கணக்குப் போட்டான். ஏழு வலியோடும் பஸ் ஓட்ட முடியாதுதான். ஆனால் வலி என்றைக்காவது தானாகவே போகலாம். உள்ளே வைத்த மிஷின் போகாது.

அந்தக் கணக்கு ஆறு நாளும் அவனைத் தூங்கவிட்டது. இன்று, யாருமில்லாத வீட்டில், அது தூங்கவிடவில்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தான். நடக்க முடிந்ததே அவனைத் தொந்தரவு செய்தது.

எதிரே வீடு கட்டாத காலி சைட்டில் அண்ணன் உமேஷின் வேன் நின்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் பிருந்தாவனத்துக்கும் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப்போகிற பதினாலு சீட் வண்டி. உமேஷ் மாடி வீட்டில் இருக்கிறான். இன்று வாடகை இல்லாததால் சாவியைக் கீழே வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, பைக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான்.

ஒரே ஒரு தடவை கிளட்ச்சை மிதித்துப் பார்ப்போம். அவ்வளவுதான். என்ஜினை ஸ்டார்ட்கூடச் செய்ய வேண்டாம்.

சாவியை எடுத்துப்போய் வேனைத் திறந்தான். கைப்பிடியைப் பற்றி உடம்பை மேலே இழுத்து சீட்டில் உட்கார்ந்தான். இடது காலைத் தூக்கி பெடலில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

எறும்பு ஊர்ந்தது. அவ்வளவுதான்.

மறுபடி அழுத்தினான். பத்து தடவை அழுத்தினான். அப்புறம் சாவியைத் திருப்பினான்.

*

ரிங் ரோடு சிக்னலில் டவுன் பஸ் நின்றபோது மோகனப்ரியா ஜன்னலோர சீட்டில் கண்ணயர்ந்திருந்தாள். பிராக்டிகல் சீக்கிரமே முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு வேன் வந்து ஒட்டி நின்ற சத்தத்தில் கண்ணைத் திறந்தாள்.

பெரியப்பாவின் வேன். ஸ்டீரிங்கில் அப்பா.

முதலில் நம்பவில்லை. இடையே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் அவன் முகம். சிக்னலில் ஓடும் நொடிகளைப் பார்த்தபடி ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கியரில் வைத்த கை தாளம் போட்டது. அந்த முகத்தை அவள் ஒரு வருடத்துக்கு மேலாகப் பார்க்கவில்லை.

"அப்பா!" என்று கண்ணாடியைத் தட்டினாள். ஜன்னல் இறுகிக் கிடந்தது. விளக்கு பச்சையானது. வேன் சிரமமே இல்லாமல் முன்னே போய்விட்டது.

முதலில் அவளுக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு ஸ்டாப் தாண்டியதும் தன் கையால் எழுதிய ஏழுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முதல் நாள் ராத்திரியிலிருந்து இன்று காலை வரை மொத்தம் பதினாலு.

வீட்டு ஸ்டாப்பில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஸ்டாப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அம்மா வருகிற நேரம் வரை அப்படியே போனது.

*

வேனைக் காலி சைட்டுக்குள் பின்பக்கமாக விடும்போதுதான் அது நடந்தது.

கண்ணாடியை நம்பாமல் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது சந்தோஷின் பழக்கம். திரும்பினான். முதுகில் ஏதோ மெல்ல நழுவியது. அடுத்த நொடி இடது விலாவில் யாரோ சவுக்கால் அடித்தது போலச் சுண்டியது.

பதறிப்போய் ரிமோட்டை எடுத்துக் குறைத்தான். விலா அடங்கியது. பாதத்தில் எறும்பைக் காணோம். கூட்டினான். மறுபடி விலாதான் துள்ளியது. பாதத்தில் ஒன்றுமில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, வேனைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டி, கட்டிலில் வந்து படுத்தான்.

முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் பெருவிரல். அப்புறம் பாதத்தின் மேல்பக்கம். ஆறு நாள் எங்கோ போயிருந்த நெருப்பு, வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

மூன்றரைக்கு ஜோதிமணி உள்ளே நுழைந்தபோது அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இடது கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. சட்டை முழுக்க வியர்வை. டேபிள் மேல் சோறு தொட்ட மாதிரியே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஏழுதான்."

"பொய்" என்றது ஒரு குரல். மோகனப்ரியா வாசலில் நின்றாள். பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, அப்பா இன்னிக்கு வேன் ஓட்டுனாங்க. ரிங் ரோட்ல. நான் பஸ்லேர்ந்து பாத்தேன். பாட்டுப் பாடிட்டு ஓட்டுனாங்க."

ஜோதிமணி ஒரு டிரைவரோடு பதினெட்டு வருடம் வாழ்ந்தவள். எந்தக் கால் எந்தப் பெடலில் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெல்லக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ வலிக்கலீங்களா?"

சந்தோஷ் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "வலிக்கல."

"எப்பேர்ந்து?"

"மொத நாள் சாயங்காலத்துலேர்ந்து."

"மொத நாள் சாயங்காலம்..." என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க ஏழுன்னு சொன்னதக் கேட்டுட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு அழுதனுங்க. நர்ஸம்மா தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. இதுவும் பலிக்கலையே, இனி இந்த மனுசன் என்ன பண்ணுவாருன்னு. நீங்க உள்ள நல்லா இருந்திருக்கறீங்க."

"ஜோதி..."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவன் திரும்பினான். திரும்பியதில் கால் கட்டில் சட்டத்தில் உரசி, பல்லைக் கடித்தான். வலி கொஞ்சம் தணிகிற வரை பேச முடியவில்லை.

"சொன்னா நீ சந்தோசப்பட்டிருப்ப. அப்பறம் எனக்கு இது வேண்டாம்னு சொல்ல வாய் வந்திருக்காது."

ரவிக்குமார் சொன்னதைச் சொன்னான். போர்டைப் பற்றிச் சொன்னான். வேனில் ஏறியதையும் திரும்பிப் பார்த்ததையும் விலாவில் சுண்டியதையும் சொன்னான். கடைசியாக, சின்னப்பிள்ளை மாதிரி, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இப்ப அது போயிருச்சு ஜோதி. ஒயர் நகந்துருச்சாட்டம் இருக்குது. எனக்கு அது வேணும். அது இல்லாம என்னால முடியாது."

மோகனப்ரியா அதற்குள் கிளினிக் நம்பரைப் போட்டுவிட்டாள்.

*

கல்யாணத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த உமேஷே வேனை எடுத்தான். டிரைவர் சீட் முன்னால் தள்ளியிருந்ததைப் பார்த்தான். தம்பியின் முகத்தைப் பார்த்தான். சீட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் ஓட்டினான்.

டாக்டர் மேதா வீட்டுக்குக் கிளம்பியவர், இவர்களுக்காகக் காத்திருந்தார். அவர் தாத்தா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்தவர். வீட்டில் பேசும் தமிழோடு பாதிக் கன்னடம் கலந்துவரும். டெக்னீஷியன் ரிமோட்டில் என்னென்னவோ மாற்றிப் பார்த்தான். விலா, வயிறு, மறுபடி விலா. பாதத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"பக்கவாட்டுல ஒதுங்கிடுச்சு" என்றார் டாக்டர், படத்தை விளக்குக்கு எதிரே பிடித்து. "வண்டி ஓட்டக்கூடாதுன்னு எத்தனை தடவை ஹேளிதே நான்?"

சந்தோஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"திரும்ப உள்ள தள்ளிவிட முடியாதுங்களா?" என்று ஜோதிமணி கேட்டாள்.

"முடியாதும்மா. ஆறு நாள் வெளில இருந்த ஒயர். உள்ள தள்ளினா இன்பெக்ஷன் முதுகுத்தண்டுக்கே போயிடும். இப்பவே எடுத்துடணும்."

"அப்பறம் புதுசா வெக்கலாமுங்களா?"

டாக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "வெக்கலாம். ஆனா நான் மட்டும் முடிவு பண்றதில்ல. கமிட்டி இருக்கு. அவங்க முன்னாடி இருக்கப்போறது இந்த ஷீட். பதினாலு இடத்துல ஏழு, பதினாலு கையெழுத்து. இவருக்கு இது வேலை செய்யல, அஷ்டே, அவ்வளவுதான்னு பைலை மூடிடுவாங்க."

"நான்தான் எழுதினேன் மேடம்" என்றாள் மோகனப்ரியா. "வேற ஷீட் குடுங்க. கரெக்டா எழுதித் தரேன்."

"எழுதினதை மாத்தக் கூடாது கண்ணா. கீழ புதுசா எழுதலாம். அவரே எழுதணும். நிஜ நம்பர் என்ன, ஏன் ஏழுன்னு சொன்னார், ஒயர் எப்படி நகர்ந்தது, எல்லாம்."

"வண்டி ஓட்டினதுமா?" என்றான் உமேஷ். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது. "அது டிப்போவுக்குப் போகுமா டாக்டர்?"

"போர்டு கேட்டா பைலைக் குடுத்துத்தான் ஆகணும். நான் ஒரு பேப்பரை மட்டும் உருவி வெச்சுக்க முடியாது."

டாக்டர் தாளை மேஜையின் நடுவே வைத்தார்.

சந்தோஷ் கையை நீட்டினான். "பேனா குடுங்க மேடம்."

பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம்தான். அதிலேயே எழுதினான். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, காலைப் பிடித்து, மூச்சு வாங்கி எழுதினான். எட்டு வரி எழுத இருபது நிமிடம் ஆனது. ஜோதிமணிக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. மகள் அவள் தோளருகே நின்று தமிழில் சொன்னாள்.

"மொத நாளிலிருந்து வலி ரெண்டுதான். ஏழுன்னு சொன்னது பொய். பஸ் போயிடும்னு பயந்து சொன்னேன். இன்னிக்கு மத்தியானம் வேன் ஓட்டினேன். கிளட்ச்சை மிதிச்சேன், வலிக்கல. திரும்பிப் பாத்ததுல ஒயர் நகர்ந்துடுச்சு. என் மகளுக்கும் மனைவிக்கும் எதுவும் தெரியாது."

கடைசி வரியில் தயங்கினாள்.

"என்ன எழுதியிருக்குது? சொல்லு."

"'எனக்கு இனிமே பஸ் குடுக்காட்டியும் பரவாயில்ல. மிஷின் வெச்சாப் போதும்.'"

ஜோதிமணி தாளை வாங்கிக்கொண்டாள். படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மிஷின் பலித்துவிட்டது, அது வேண்டும் என்று அவன் சொல்வதற்காகத்தான் ஆறு நாளாகக் காத்திருந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. இருந்தும் மனசு ஒப்பவில்லை. சந்தோஷின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. இந்த நிலைமையில் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவான்.

"டாக்டரம்மா, அந்தக் கடைசி வரி வேண்டாமுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அது அவரு எழுதினதில்லீங்க, வலி எழுதினது. போர்டுக்காரங்க அதைப் படிச்சா, இவரே பஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாருன்னு முடிச்சிருவாங்க. மிஷினை அணைச்சுட்டு ஓட்டலாமா, வேற ரூட் குடுப்பாங்களான்னு நாங்க இன்னும் ஒருத்தர்கிட்டயும் கேக்கவே இல்ல. கேக்காமலேதான இவரு ஆறு நாள் பயந்து கெடந்தாரு."

"ஜோதி, போதும் விடு" என்றான் சந்தோஷ். "எனக்கு முடியல."

"உங்களுக்கு முடியாதுங்க. அதனாலதான் நான் பேசறேன்."

டாக்டர் மேதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வரியை அடிக்கறதும் விடறதும் அவர் இஷ்டம். திங்கட்கிழமை பத்து மணிக்கு கமிட்டி. அதுவரைக்கும் பைல் எங்கிட்ட இருக்கும். அதுக்குள்ள முடிவு பண்ணி, இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

ஒயரை எடுக்க நர்ஸ் தட்டோடு வந்தாள். சந்தோஷைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பிளாஸ்திரியைப் பிரிக்கத்தான் நேரம் ஆனது. ஒயர் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது.

தலையணையில் முகம் புதைந்திருக்க, அவன் கையை மட்டும் பின்னால் நீட்டித் தேடினான். ஜோதிமணி பிடித்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு புள்ள" என்றான். "அந்த வரி இருக்கட்டுமா, வேண்டாமா?"

"நாளைக்குக் காலையில நானும் நீங்களும் டிப்போவுக்குப் போறம்ங்க" என்றாள் ஜோதிமணி. "மேனேஜர் மூஞ்சியைப் பாத்துக் கேட்டுட்டு, அப்பறம் சொல்றேன்."